தாயார் வெளியே வரவில்லை

மேலப்பாளையம்
30.3.1995

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை ஹமீது பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மர்வாவும் உடம்புக்குச் சுகம். சவூதியில் நீங்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். சுகர் மாத்திரையை விடாமல் போடுங்கள்.

நானும் மர்வாவும் என்று எழுதியிருக்கிறேன். பெற்ற பிள்ளை ஆமிர் பெயரை மறந்துவிடவில்லை. அவன் வீட்டில் இல்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்தார்கள். போன சனிக்கிழமை ஆமிரும் அவன் கூட்டாளி ஹரீஷும் வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் சாவியோடு நின்ற ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாபநாசத்துக்குக் குளிக்கப் போயிருக்கிறார்கள். செய்தது தப்பு. திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிடுவதாக இருந்தோம் என்கிறார்கள், அதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. வண்டியை ஓட்டியது ஹரீஷ். நம் பிள்ளைக்குச் சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது. திரும்பி வருகிற வழியில் போலீஸ் மறித்தது. முதலில் கேட்டது இரண்டு பேருடைய பெயரையாம்.

ஹரீஷின் அப்பா ஹரிஹரசுப்பிரமணியன் கல்லூரிப் பேராசிரியர். அன்று சாயங்காலமே காரில் போய் மகனைக் கூட்டி வந்துவிட்டார். இந்தப் பையனும் எங்கள் வீட்டுக்கு வருகிறவன்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையன்களை அடைத்து வைக்கிற இல்லத்தில் ஆமிரை விட்டிருக்கிறார்கள். ஆறாம் தேதி சிறுவர் கோர்ட்டு. பொறுப்பான ஆள் வந்து கையெழுத்துப் போட்டால் அனுப்புவார்களாம்.

ஆமிருடைய வாப்பா மௌத்தாகி ஐம்பது நாள்தான் ஆகிறது. நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிய ஜூன் பாதியாகிவிடும். அதுவரை வாசற்படி தாண்டக் கூடாது, அந்நிய ஆண் முன்னால் வரக் கூடாது என்று தெரு முழுக்க எனக்குக் காவல் இருக்கிறது. அண்ணன், நான் போகட்டுமா? வாப்பா இல்லாத வீட்டில் உங்கள் வார்த்தைதான் எனக்கு உத்தரவு. பிச்சைக்கண்ணு அண்ணாச்சி வேலை பார்க்கிற லாரி ஷெட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கை
ஹமீது பீவி


தம்மாம்
11.4.1995

அன்புத் தங்கைக்கு, அண்ணன் முகம்மது சுல்தான் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். நான் சுகம். உன் கடிதம் இன்றுதான் கைக்குக் கிடைத்தது. ஆறாம் தேதி போய்விட்டது.

கோர்ட்டு வாசலில் நம் வீட்டுப் பெண் போய் நிற்க வேண்டாம். இத்தா இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டாம். இதை நான் இரண்டாம் முறை எழுதும்படி வைத்துக்கொள்ளாதே. பிச்சைக்கண்ணுவை அனுப்பு. வக்கீல் சிவசைலம் நல்லவர் என்று இங்கே நம் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள், அவரைப் பார்க்கச் சொல்.

கூரையில் ஓடு மாற்ற வேண்டும் என்று ஆமிருடைய வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்கு முன்னால் மாற்றிவிடு. மர்வாவுக்கு இருமல் விட்டுவிட்டதா? பொறுமையாக இரு. எல்லாம் சரியாகிவிடும்.

முகம்மது சுல்தான்


மேலப்பாளையம்
27.4.1995

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, ஸலாம். மர்வாவுக்கு இருமல் விட்டுவிட்டது. ஓடு இன்னும் மாற்றவில்லை. உங்கள் சுகத்துக்கு துஆ.

பிச்சைக்கண்ணு அண்ணாச்சி போனார். 'நீர் பையனுக்கு என்ன முறை?' என்று கேட்டார்கள். ஒரு முறையும் இல்லை, அவன் வாப்பாவோடு வேலை பார்த்தவன் என்றாராம். அப்படியானால் வெளியே போய் நில்லும் என்றார்களாம். ஹரீஷுக்கு அப்பா கையெழுத்துப் போட்டார், அவன் வீட்டிலிருந்தே போய்ப் பரீட்சை எழுதினான். ஆமிருடைய ஹால் டிக்கெட் பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு பரீட்சை நாளும் காலை பத்து மணிக்கு அதை எடுத்துப் பார்த்தேன். இன்றைக்குக் கணக்கு, இன்றைக்கு அறிவியல் என்று பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தேன்.

போன வாரம் ஓர் அதிகாரி வந்தார். வீட்டையும் குடும்பத்தையும் பார்த்துக் கோர்ட்டுக்கு அறிக்கை எழுதுகிறவராம். இரண்டு பையன்கள் வீட்டுக்கும் போவாராம். நான் இத்தாவில் இருப்பவள், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நாற்காலி போட்டு, மர்வா கையில் சர்பத் கொடுத்துவிட்டேன். கேட்டதற்கெல்லாம் கதவு வழியாகவே பதில் சொன்னேன். சர்பத்தைத் தொடவில்லை. 'வெளியே வந்து பேச முடியுமா முடியாதா?' என்று ஒரு தரம் கேட்டார். முடியாத காரணத்தைச் சொன்னேன். சரி என்றுகூடச் சொல்லாமல் எழுதிக்கொண்டே போய்விட்டார்.

நீங்கள் பதின்மூன்று வயதில் தனியாகக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். இரண்டு வருஷம் கழித்து வந்தபோது எனக்குக் கண் மூடித் திறக்கிற பொம்மை கொண்டுவந்தீர்கள். அவ்வளவு தூரம் போன பிள்ளையை உம்மா எப்படித் தாங்கினாளோ. என் பிள்ளை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு பஸ் தூரத்தில்தான் இருக்கிறான். போய்ப் பார்க்க முடியவில்லை.

ஹமீது பீவி


தம்மாம்
9.5.1995

அன்புத் தங்கைக்கு, ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து. நான் சுகம். இங்கே வெயில் கொளுத்துகிறது. கடையில் வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கொழும்பைப் பற்றியெல்லாம் இப்போது எதற்கு? அது முடிந்து முப்பத்தைந்து வருஷமாகிவிட்டது. வக்கீல் சொல்கிறபடி செய். பெருநாளுக்கு மர்வாவுக்கு நல்ல உடுப்பாக எடு.

முகம்மது சுல்தான்


மேலப்பாளையம்
22.5.1995

அண்ணனுக்கு ஸலாம். சுகம் விசாரித்து எழுத எனக்கு மனசில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

பதினைந்தாம் தேதி தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஹரீஷைக் கண்டித்துப் பெற்றோரிடம் ஒப்படைத்தாயிற்று. ஆமிரை வடக்கே, தப்புச் செய்த பிள்ளைகளைத் திருத்துகிற ஒரு சிறப்புப் பள்ளிக்கு அனுப்ப உத்தரவு. குறைந்தது மூன்று வருஷம். முந்தாநாள் ரயிலேற்றிவிட்டார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

சிவசைலம் வக்கீல் வீட்டுக்கே வந்து, நான் கதவுக்குப் பின்னால் நிற்க, இரண்டு பேருடைய அறிக்கைகளையும் வாசித்துக் காட்டினார். ஒரே வழக்கு என்பதால் ஒரே ஃபைலில் இருந்தனவாம். அவர் வாசிக்க வாசிக்க மர்வா எழுதிக்கொண்டாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளுடையது, மற்றதெல்லாம் அந்த அதிகாரியுடையது.

நம் வீட்டைப் பற்றி எழுதியது: 'தாயார் வெளியே வரவில்லை. கதவின் பின்னே மறைந்து நின்று விசாரணைக்கு ஒத்துழைக்க மறுத்தார். வீட்டில் பொறுப்பான ஆண் எவரும் இல்லை. குடியிருக்கும் பகுதியும் உகந்ததல்ல. சிறுவன் திருந்துவதற்கான சூழல் இல்லை.'

ஹரீஷ் வீட்டைப் பற்றி: 'தாயார் வெளியே வரவில்லை. வீட்டில் சிராத்தம் நடைபெற்றதால் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. ஆசாரமும் கட்டுப்பாடும் உள்ள குடும்பம். சிறுவன் தீய சேர்க்கையால் வழிதவறியவன்.'

தாயார் வெளியே வரவில்லை. இரண்டிலும் அதே மூன்று வார்த்தை. அவள் வராதது ஆசாரம், நான் வராதது திமிர். அந்தத் தீய சேர்க்கை யார் தெரியுமா? நான் பத்து மாதம் சுமந்து பெற்றவன். வண்டியை ஓட்டியதும் அவனேதான் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மனிதருக்கு நான் கலக்கி அனுப்பிய சர்பத்தை நினைத்தால் கை கூசுகிறது.

நேற்று ஹரீஷின் அம்மா ருக்கு தனியாகப் பஸ் ஏறி இங்கே வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். 'மாமனார் திவசம், மடியா சமைச்சுண்டிருந்தேன். அந்த ஆபீசர் வாசல்லயே நின்னு எழுதிண்டு போயிட்டார். வண்டி ஓட்டினது எங்காத்துப் பிள்ளைதான், எங்கிட்ட ஒத்துண்டுட்டான்' என்றாள். அதைக் கோர்ட்டில் வந்து சொல்லுங்கள் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு, 'அவர் விடமாட்டார்' என்றாள். அப்படியானால் இங்கே அழாதீர்கள், அழுவதற்கு இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

மேல் கோர்ட்டில் அப்பீல் போட ஜூன் பதினான்கு வரை கெடு. இத்தா முடிய அதற்குப் பிறகும் மூன்று நாள் ஆகும். தாயே நேரில் வந்து நின்றால்தான் நம்பிக்கை என்கிறார் வக்கீல். அண்ணன், போ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். இதற்கு மட்டுமாவது போன் போடுங்கள்.

ஹமீது பீவி


மேலப்பாளையம்
12.6.1995

அண்ணனுக்கு.

உங்கள் போன் வரவில்லை, கடிதமும் வரவில்லை. இன்று போய்விட்டு வந்தேன்.

எதிர்வீட்டு மஹ்மூதா பீவி பெண் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டாள். அவசியம் இருந்தால் இத்தாவில் இருப்பவள் பகலில் வெளியே போய் வரலாம் என்று சட்டமே இருக்கிறதாம். மார்ச் மாதத்திலேயே யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? ஐம்பது வீட்டுப் பெண்கள் வந்து எதெது கூடாது என்று சொன்னார்கள், எது ஆகும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உங்களைத்தான் கேட்டேன்.

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மஹ்மூதாவோடு போனேன். கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். முகத்தைத் திறந்துகொண்டேன். விசாரணைக்கு அதிகாரி வந்தபோது ஏன் வெளியே வரவில்லை என்று நீதிபதி கேட்டார். 'அந்த அம்மா வராததுக்கு என்ன காரணம் எழுதியிருக்கோ, அதே காரணந்தான் ஐயா. அவங்க வீட்டுல திவசம், எங்க வீட்டுல மௌத்து' என்றேன். நீதிபதி இரண்டு அறிக்கைகளையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். வேறு அதிகாரியை அனுப்பிப் புதிதாக அறிக்கை வாங்க உத்தரவிட்டார்.

கடைசி பெஞ்சில் ருக்கு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. வந்ததற்கு நன்றி சொல்வதா, சும்மா இருந்ததற்குச் சபிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஹரீஷ் நானூற்று முப்பது மார்க்காம், பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டானாம்.

உங்கள் வார்த்தையை மீறிவிட்டேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. இரண்டு மாதம் மீறாமல் இருந்தேனே, அதற்குத்தான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஹமீது பீவி


தம்மாம்
26.6.1995

அன்புத் தங்கைக்கு ஸலாம். நான் சுகம்.

உன் இரண்டு கடிதமும் என்னிடம் இருக்கின்றன. முதலில் வந்ததற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. போன் பூத் வரை போய்விட்டுத் திரும்பினேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஒன்று மட்டும் எழுது. கோர்ட்டில் உன்னிடம் மரியாதையாகப் பேசினார்களா? துப்பட்டியை எடு என்று யாராவது அதட்டினார்களா, நீயாகத்தான் திறந்தாயா? யாராவது சிரித்தார்களா? ஆமிருக்கு மொட்டை அடித்திருக்கிறார்களா?

முகம்மது சுல்தான்


மேலப்பாளையம்
20.7.1995

அண்ணனுக்கு ஸலாம். இத்தா முடிந்துவிட்டது. நானும் மர்வாவும் சுகம்.

யாரும் சிரிக்கவில்லை. நானாகத்தான் திறந்தேன். நீங்கள் ஏன் இதையெல்லாம் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. சிரித்திருந்தாலும் நான் நின்றிருப்பேன்.

போன வாரம் புது அதிகாரி வந்தார். பெண். நேரே அடுப்படி வரை வந்து பலகையில் உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்து, ஆமிருடைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஏப்ரல் மாதத்திலேயே ஒரு பெண்ணை அனுப்பியிருந்தால் என் பிள்ளை வடக்கே போயிருக்க மாட்டான். இது அந்த ஆபீசில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்களுக்காக யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை, எங்களைப் பற்றி எழுத மட்டும் நேரமிருக்கிறது.

அடுத்த மாதம் அனுப்பிவிடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார்.

ஹமீது பீவி


மேலப்பாளையம்
14.8.1995

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம்.

ஆமிர் வந்து பத்து நாளாகிறது. மொட்டைதான் அடித்திருக்கிறார்கள். மெலிந்துவிட்டான். பிச்சைக்கண்ணு அண்ணாச்சிதான் போய்க் கூட்டி வந்தார், இந்தத் தரம் என் கையெழுத்துப் போட்ட கடுதாசியோடு.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் ஆட்சேபிப்பார்களாம். அந்தப் பெற்றோரில் ஹரீஷின் அப்பாவும் ஒருவர். அங்கேயே நின்று கத்தினேன். கத்தினால் சேர்ப்பார்களா? தனியாகப் படித்துப் பரீட்சை எழுதட்டும் என்று வக்கீல் சொல்கிறார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இன்னொன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. யார் உள்ளே வந்தாலும், கூடப்பிறந்த மர்வா வந்தால்கூட, எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். தாகமெடுத்தால் பானையிடம் போகாமல் என்னிடம் வந்து நின்று, 'தண்ணி குடிச்சுக்கிடட்டுமா?' என்று கேட்கிறான். முதல் நாள் விளையாடுகிறான் என்று நினைத்தேன். நேற்று நான் தொழுதுகொண்டிருந்தேன். முடிக்கும் வரை காத்து நின்று கேட்டான். அவன் உதடு காய்ந்திருந்தது. என் வீட்டில், நான் நிறைத்து வைத்த பானையில் தண்ணீர் எடுக்க என் பிள்ளைக்கு யாருடைய உத்தரவு வேண்டும்? அவனை அணைத்துக்கொள்ளவில்லை அண்ணன். எதற்கு இப்படிக் கேட்கிறாய் என்று அடித்துவிட்டேன். அதற்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஹமீது பீவி


தம்மாம்
30.8.1995

அன்புத் தங்கை ஹமீதுவுக்கு, அண்ணன் சுல்தான் ஸலாம்.

அவனை அடிக்காதே.

நான் கொழும்புக்குப் போகவில்லை. நான் கப்பலையே முதல் முதலாகப் பார்த்தது இருபது வயதுக்கு மேல்தான். பதின்மூன்று வயதில் நானும் இன்னொரு பையனும் ஒரு வாடகைச் சைக்கிளை எடுத்துப் போய் இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தோம். அவன் மில் மேனேஜர் மகன். அவன் வீட்டுக்குப் போனான், நான் அந்த மாதிரிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இரண்டு வருஷம். அவன் இப்போது பெரிய ஆபீசராக இருக்கிறான் என்று கேள்வி.

வாப்பா நெசவுக்குப் போயிருந்ததால் உம்மாதான் கோர்ட்டுக்கு வந்தாள். துப்பட்டியை எடு, ஆளைப் பார்க்க வேண்டும் என்று ஒருவன் அதட்டினான். அவள் எத்தனை இழுத்தும் முடிச்சு அவிழவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது மட்டும் இன்றைக்கும் கேட்கிறது. உன்னைப் போகாதே என்றது அதனால்தான். மானத்துக்குப் பயந்து என்று நீ நினைத்திருப்பாய். நினைத்துக்கொள், அதுவும் பொய்யில்லை. என் பயத்துக்கு உன் பிள்ளையின் ஒரு வருஷத்தைக் கொடுத்துவிட்டேன்.

உனக்கு அப்போது நாலு வயது. கொழும்பு என்று சொல்லிவைத்தார்கள். அந்தப் பொம்மை ஜங்ஷனில் வாப்பா வாங்கியது. ஸ்டேஷனில் என் கையில் கொடுத்து, நீ கொண்டுவந்ததாகக் கொடு என்றார்.

திரும்பி வந்த பிறகு நானும் கேட்டேன். தண்ணீர் குடிக்க, வெளியே போக, படுக்க. வாப்பா ஒவ்வொரு தடவையும் சரி என்று உத்தரவு கொடுத்தார், அவருக்கு வேறு தெரியவில்லை. அதனால் நான் நிறுத்தவே இல்லை. இன்றைக்கும் முதலாளி பக்கத்தில் நின்றால் கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறேன். ஐம்பது வயதாகிறது எனக்கு.

நீ உத்தரவு கொடுக்காதே. அடிக்கவும் செய்யாதே. இந்தக் கடிதத்தை ஆமிரிடம் படிக்கக் கொடு. இதற்கு முன்னால் நான் இதை யாருக்கும் சொன்னதில்லை, என் பெண்டாட்டிக்கும் தெரியாது.

சுல்தான்


மேலப்பாளையம்
16.9.1995

என் அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை ஹமீது பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் ஆமிரும் மர்வாவும் இருக்கிறோம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாரையும் கேட்காமல் தண்ணீர் குடியுங்கள்.

உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். பாதி இருக்கிறது. ஆனால் உம்மாவுக்கும் உங்களுக்குமாகச் சேர்த்து அவர்கள் மேல் புதிதாக வந்திருக்கிறது. நேற்று வக்கீலிடம் போனேன். வழக்கு முடிந்தாலும் அந்த முதல் அறிக்கை கோர்ட்டு ஃபைலில் அப்படியே இருக்கிறதாம். என்னைப் பற்றி எழுதிய வரியை அடித்துத் திருத்தச் சொல்லி மனு எழுதுங்கள் என்றேன். 'அப்படி ஒரு மனுவே கிடையாதும்மா' என்றார். கொடுத்த பிறகு கிடையாது என்று அவர்கள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இப்போதெல்லாம் எனக்குக் கோர்ட்டுப் படி எத்தனை என்றுகூடத் தெரியும்.

கடிதத்தை ஆமிரிடம் கொடுத்தேன். அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை வாசித்தான். 'மாமாவும் மொட்டையா இருந்தாவளா?' என்று கேட்டான். அது எழுதியில்லை, இருந்திருப்பார்கள் என்றேன். மடித்து என் மடியில் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பானைக்குப் பக்கத்தில் போய் நின்றான். அங்கிருந்து என்னைப் பார்த்தான். வாய் கேட்க வந்தது எனக்குத் தெரிந்தது.

நான் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. நான் திரும்பவே இல்லை அண்ணன். பிறகு செம்பு பானையில் இடிக்கிற சத்தம் கேட்டது.

ஹமீது பீவி